கேபிளைச் சரி பண்ண பிறகு ஆட்டோமேட்டிக் கார்ல கியர் லேட்டா மாறி உதைக்குதா? முதல்ல இதைப் புரிஞ்சுக்கோங்க

பழைய ஆட்டோமேட்டிக் கார் வெச்சிருக்கறவங்க அடிக்கடி சொல்ற புகார் இது. எஞ்சினுக்குக் காத்து விடற த்ராட்டில் பாடியைக் கழட்டி க்ளீன் பண்ணியிருப்பாங்க, இல்ல ஆக்சிலேட்டர் கேபிள் மாத்தியிருப்பாங்க, இல்லன்னா கியர் லேசா வழுக்குதுன்னு சொன்னதுக்கு மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஏதோ ஒரு கேபிளை ரெண்டு திருகு திருகிக் குடுத்திருப்பாரு. வண்டியை எடுத்து தெரு முனை தாண்டறதுக்குள்ள தெரிஞ்சிடும், ஃபர்ஸ்ட் கியர்லயே எஞ்சின் கத்திக்கிட்டு போகுது, செகண்டுக்கு மாறவே மாட்டேங்குது, கடைசியில காலை எடுத்தாதான் டொம்முனு ஒரு உதை உதைச்சு மாறுது. உடனே எல்லாருக்கும் வர்ற பயம் "கியர்பாக்ஸ் போச்சு". பெரும்பாலும் போகல. கியர்பாக்ஸுக்குத் தப்பான தகவல் போகுது, அவ்ளோதான்.

முதல்ல எந்தக் கேபிள்னு தெளிவாயிடலாம், ஏன்னா இங்கதான் பாதிக் குழப்பம். ஆக்சிலேட்டர் பெடல்ல இருந்து த்ராட்டிலுக்கு வர்றது ஒண்ணு. கியர் லீவர்ல இருந்து, அதாவது பி, ஆர், என், டி போடற லீவர்ல இருந்து, கியர்பாக்ஸுக்குப் போறது இன்னொண்ணு, அதை செலக்டர் கேபிள்னு சொல்வோம். மூணாவதா ஒண்ணு இருக்கு, த்ராட்டில் லீவர்ல இருந்து கிளம்பி நேரா கியர்பாக்ஸுக்குள்ள இறங்கும், ஆயில் பேனுக்கு மேல வால்வ் பாடியில, அதாவது ஆயிலைத் திருப்பி விடற வால்வுங்க இருக்கற பாகத்துல, ஒரு சின்ன கேம்ல மாட்டியிருக்கும். இதை கிக்டவுன் கேபிள்ன்னு சொல்றவங்க உண்டு, த்ராட்டில் வால்வ் கேபிள், டிவி கேபிள்ன்னு சொல்றவங்களும் உண்டு. நம்ம கதை இந்த மூணாவதைப் பத்தித்தான். எல்லா வண்டியிலயும் இது கிடையாது. 80, 90-கள்ல வந்த டொயோட்டா, ஜீப் செரோக்கி, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிங்க, இந்த மாதிரி. இலங்கையில ஓடற பழைய ஜப்பான் கார், வளைகுடா பக்கம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கற பழைய லேண்ட் க்ரூசர் இதுலல்லாம் பானெட்டைத் திறந்தா பார்க்கலாம். இப்ப வர்ற வண்டியில கம்ப்யூட்டரும் கரண்ட்ல இயங்கற சோலனாய்டு வால்வும் அந்த வேலையைப் பார்த்துக்குது, திருகறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

சரி, இந்தக் கேபிள் என்னதான் பண்ணுது? கம்ப்யூட்டர் இல்லாத ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ரெண்டே விஷயம் தெரிஞ்சாகணும், வண்டி எவ்ளோ வேகத்துல போகுது, டிரைவர் எவ்ளோ மிதிக்கறாரு. வேகத்தைச் சொல்றது கவர்னர்னு ஒரு பாகம், அவுட்புட் ஷாஃப்டோட சேர்ந்து சுத்தும், வேகம் ஏற ஏற அதுல இருந்து வர்ற ஆயில் பிரஷர் ஏறும். மிதியைச் சொல்றது நம்ம கேபிள், நீங்க மிதிக்க மிதிக்க அது உள்ள கேமைத் திருப்பும், கேம் த்ராட்டில் வால்வை அமுக்கும், அதுல இருந்து வர்ற பிரஷரும் ஏறும். ஷிஃப்ட் வால்வ்னு ஒரு குட்டி வால்வ் நடுவுல நிக்குது, அதோட ஒரு முனையில கவர்னர் பிரஷர், இன்னொரு முனையில ஸ்பிரிங்கும் த்ராட்டில் பிரஷரும், கயிறு இழுக்கற போட்டி மாதிரி. கவர்னர் பக்கம் ஜெயிச்சா அடுத்த கியர். லேசா மிதிச்சா த்ராட்டில் பக்கம் பலம் கம்மி, சீக்கிரமே மாறிடும். அழுத்தி மிதிச்சா அந்தப் பக்கம் பலமா இருக்கும், வண்டி இன்னும் வேகம் பிடிச்சாதான் மாறும். ஓவர்டேக் பண்ணும்போது கியர் பிடிச்சு இழுக்குதே, அது இதனாலதான்.

இதே த்ராட்டில் பிரஷருக்கு ரெண்டாவது வேலை ஒண்ணு இருக்கு, பலபேரு கோட்டை விடறது இதைத்தான். கியர்பாக்ஸுக்குள்ள கிளட்ச் பிளேட்டுங்களை அமுக்கிப் பிடிக்கற லைன் பிரஷர்ங்கறதையும் அதுதான் ஏத்தி இறக்குது. எஞ்சின் பலமா இழுக்கும்போது பிளேட்டு வழுக்கக் கூடாதுல்ல, அப்ப அமுக்கம் ஜாஸ்தி வேணும். சும்மா உருட்டிட்டுப் போகும்போது கொஞ்சம் போதும், அப்பதான் கியர் மாறுறது தெரியாம பூ மாதிரி மாறும்.

இப்ப கேபிளை அளவுக்கு மேல டைட் பண்ணா என்ன ஆகும்னு நீங்களே சொல்லிடுவீங்க. நீங்க லேசாத்தான் மிதிக்கறீங்க, ஆனா கேம் ஏற்கனவே பாதி திரும்பி நிக்குது, டிரைவர் நல்லா மிதிக்கறாருன்னு கியர்பாக்ஸ் நினைச்சுக்குது. அதனால லேட்டா மாறுது. லைன் பிரஷரும் ஏறி நிக்கறதால மாறும்போது பிளேட்டுங்க படார்னு பிடிக்குது, உதைக்குது. லேட்டு, உதை, ரெண்டும் ஒரே காரணத்துல இருந்து வருது. ரெண்டும் ஒண்ணா வந்து, அதுவும் கேபிள்ல கை வெச்ச அன்னிக்கே வந்திருந்தா, வேற எங்கயும் தேட வேண்டாம், கை வெச்ச இடத்துக்கே திரும்பிப் போங்க.

டொயோட்டாவை எடுத்து விவரமா பார்க்கலாம், தப்பு எப்படி நடக்குதுன்னு அதுலதான் தெளிவா தெரியும். த்ராட்டில் லீவர் பக்கத்துல ஒரு பிராக்கெட், அதுல கேபிளோட வெளி உறை ரெண்டு நட்டுல பிடிச்சிருக்கும். உறையோட முனையில குழாய் மாதிரி ஒரு நீளமான கறுப்பு ரப்பர் மூடி, அதுதான் பூட். உள்ள ஓடற கம்பியில ஒரு குட்டி உலோக மணியை நசுக்கி வெச்சிருப்பாங்க, அதுதான் ஸ்டாப்பர். பெடல்ல கால் இல்லாதப்போ அந்த மணி பூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், முழுசா மிதிச்சா வெளிய வந்து பூட்டோட வாய்க்குக் கிட்ட நிக்கும். அந்தக் கால டொயோட்டா மேனுவல்ல பொதுவா இருக்கற அளவு, பெடலை முழுசா மிதிச்சு த்ராட்டில் முழுசா திறந்த நிலையில, பூட் முனைக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவுல 0-ல இருந்து 1 மில்லிமீட்டர்.

இதுல "முழுசா மிதிச்ச நிலையில"ங்கறதை விட்டுட்டு 0-1 மில்லிமீட்டரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு, த்ராட்டில் மூடியிருக்கும்போதே மணியை பூட் வாய்க்கு இழுத்து வெச்சா என்ன ஆகும்? எஞ்சின் ஐடில்ல இருக்கும்போதே கேபிள் கிட்டத்தட்ட முழு மிதிக்கு இழுத்து நிக்கும். நட்டு அவ்ளோ தூரம் போக இடம் இருக்காது, ஆனா போற வரைக்கும் போயிடும், மீதி வேலையை கியர்பாக்ஸ் ரோட்ல காட்டும். இதுக்கு ஒரு அடையாளமும் உண்டு, கேபிள் உள்ள கடைசி வரைக்கும் இழுத்து முட்டிக்கறதால ஆக்சிலேட்டரே முழுசா போகாது, கடைசியில கல்லு மாதிரி நிக்கும். அதோட போராடி மிதிச்சா கேபிள் அந்துடும். கியர்பாக்ஸ் பக்கத்து முனை ஆயில் பேனுக்குள்ள இருக்கறதால மாத்தணும்னா பேனை இறக்கணும், ஆயில் போகும், கேஸ்கெட் போகும், செலவு வேற.

பின்னாடி வந்த சில மாடலுக்கு மேனுவலே த்ராட்டில் மூடின நிலையில அளக்கச் சொல்லும், அதுக்கு பூட்டும் வேற மாதிரி. குழப்பம் வர்றதே இதனாலதான். ஒருத்தர் தன் வண்டிக்குச் சரியா சொன்னது உங்க வண்டிக்கு அப்படியே தப்பா இருக்கும். உங்க மாடல், உங்க வருஷம், அதோட மேனுவல், இது இல்லாம நட்டைத் தொடாதீங்க.

இன்னொரு பக்கமும் பார்த்துடுங்க. ரப்பர் பூட் வெயில்லயும் எஞ்சின் சூட்டுலயும் காஞ்சு நொறுங்கி விழுந்துடும், இல்ல பின்னாடி நழுவியிருக்கும். பூட் இல்லாத கேபிள்ல, முழுசா மிதிச்சு, உறையோட உலோக முனையில இருந்து 1 மில்லிமீட்டர்னு வெச்சீங்கன்னா கேபிள் மூணு சென்டிமீட்டருக்கு மேல லூஸ். கடையில புதுசா வாங்கின சில கேபிள்ல ஸ்டாப்பர் நசுக்காமலே வரும், மாட்டும்போது நாமதான் நசுக்கணும். கேபிளை லேசா இழுத்து முதல் முதலா ஒரு தடை தட்டுப்படுற இடத்துல பிடிச்சுக்கிட்டு, உறை முனையில இருந்து 0.8-ல இருந்து 1.5 மில்லிமீட்டர் தள்ளி நசுக்கணும். அதைத் தப்பான இடத்துல நசுக்கிட்டா அப்புறம் நீங்க எவ்ளோ ஒழுங்கா அளந்தாலும் அளவே பொய்.

அளக்கறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்க, இது ரொம்ப முக்கியம். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, உள்ள ஒருத்தரை உக்கார வெச்சு பெடலை முழுசா மிதிக்கச் சொல்லுங்க, நீங்க த்ராட்டில் லீவரைக் கையால இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்க, திரும்புச்சுன்னா பெடல் முழுசா திறக்கலைன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம இதை அளந்து பிரயோஜனம் இல்ல. பெடலுக்கு அடியில தடியான மேட் மடங்கிக் கிடந்தாலும் இதே கதைதான், சிரிக்காதீங்க, நிஜமாவே நடக்கும்.

எல்லாம் சரின்னா ரெண்டு நட்டையும் லூஸ் பண்ணி உறையை நகர்த்தணும். உறையை த்ராட்டில் லீவரை விட்டுத் தள்ளி, அதாவது கியர்பாக்ஸ் பக்கமா, நகர்த்தினா கேபிள் டைட் ஆகும். லீவர் பக்கமா கொண்டு வந்தா லூஸ் ஆகும். உதைக்கற வண்டிக்கு லீவர் பக்கமா வரணும். அளவுக்குக் கொண்டு வந்து ரெண்டு நட்டையும் இறுக்கிட்டு மறுபடி ஒருதரம் மிதிக்கச் சொல்லி அளந்துடுங்க, இறுக்கும்போது உறை நகர்ந்திருக்கும்.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. உதை போயி ஸ்மூத்தா ஆனதும் ஒரு ருசி வந்துடும், இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணா இன்னும் நைசா இருக்குமேன்னு தோணும். பண்ணாதீங்க. என்னைக் கேட்டா டைட்டா இருக்கற கேபிளை விட லூஸா இருக்கறதுதான் ஆபத்து. டைட்டா இருந்தா உதைக்கும், கியர்பாக்ஸைத் தாங்கற மவுண்ட்டு அடி வாங்கும், பெட்ரோல் குடிக்கும், நீங்களே எரிச்சலாயி சரி பண்ண ஓடுவீங்க. லூஸா இருந்தா சீக்கிரமா மெத்துன்னு மாறும், ஓட்ட சுகமா இருக்கும், ஆனா மேடு ஏறும்போது, ஆள் ஏத்திட்டுப் போகும்போது பிளேட்டை அமுக்கற பிரஷர் பத்தாது, உள்ள வழுக்கி வழுக்கி கருகும். ஏடிஎஃப், அதாவது கியர்பாக்ஸ் ஆயில், பழுப்பாயி தீஞ்ச வாடை வர்றப்போ காலம் கடந்திருக்கும். அதனால ஓட்டிப் பார்த்து நல்லா இருக்குன்னு வைக்கற அளவு வேண்டாம், மேனுவல் அளவுல வெச்சுட்டு அதுக்கப்புறம் ஓட்டிப் பாருங்க.

ஓட்டிப் பார்க்கறதுன்னா ஆயில் நல்லா சூடான பிறகு. குளிர்ந்த எஞ்சின்ல எடுத்த உடனே "டாப் கியர் விழல"ன்னு அலுத்துக்காதீங்க, பல டொயோட்டால கூலண்ட் கொஞ்சம் சூடாகற வரைக்கும் ஓவர்டிரைவ்ங்கற அந்த டாப் கியர் விழாது, அது அதோட குணம். ஓவர்டிரைவை நிறுத்தற ஓ/டி ஆஃப் பட்டன் அமுங்கியிருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க. ஏடிஎஃப் லெவலையும் சூடான பிறகு, சமதளத்துல, எஞ்சின் ஓடும்போது, பி-ல போட்டு டிப்ஸ்டிக்கோட ஹாட் குறியில பார்க்கணும்.

இனி, உங்க பாக்ஸ் எந்த ஜாதிங்கறது. கரோலால வந்த 3 கியர் ஏ131எல், லேண்ட் க்ரூசர்ல வந்த ஏ440எஃப் இதெல்லாம் முழுக்க ஆயில் பிரஷர்லயே ஓடறது. மேல சொன்னது அப்படியே பொருந்தும், கேபிள் டைட்டுன்னா லேட்டும் வரும் உதையும் வரும். ஆனா ஏ340இ மாதிரி பாக்ஸ்ல, அதோட அண்ணன் தம்பியான ஜீப் செரோக்கியோட ஏடபிள்யூ4-லயும், கியர் எப்ப மாறணும்னு முடிவு பண்றது கம்ப்யூட்டர், கேபிள் லைன் பிரஷரை மட்டும்தான் பார்த்துக்குது. அங்க கேபிளை டைட் பண்ணா உதை வரும், ஆனா வண்டி எந்த வேகத்துல போகும்போது கியர் மாறுதுங்கறது மாறாது. அந்த மாதிரி வண்டியில லேட்டாவும் மாறுதுன்னா த்ராட்டில் எவ்ளோ திறந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற த்ராட்டில் பொசிஷன் சென்சாரைப் பாருங்க, த்ராட்டில் பாடியைக் கழட்டி மாட்டினப்போ அதோட ஸ்க்ரூ லூஸாயி நகர்ந்திருக்கும். இல்ல கியர் லீவர் பக்கத்துல இருக்கற பவர் மோட் ஸ்விட்ச்சை யாரோ அமுக்கி விட்டிருப்பாங்க. கேபிளை எவ்ளோ திருகினாலும் இது தீராது, ஆனா திருகிக்கிட்டே இருப்பாங்க.

செரோக்கியில நட்டு கிடையாது, பட்டன். எஞ்சின் ஆஃப்ல பட்டனை அமுக்கி கேபிளை முழுசா உள்ள தள்ளி விட்டுட்டு, த்ராட்டிலை முழுசா திறந்தா அதுவே கிர்ருனு நகர்ந்து தன் இடத்துல உக்காந்துக்கும். அமெரிக்கால 1982 மாடல்ல இருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸோட 700ஆர்4 கியர்பாக்ஸ்லயும் இதே யோசனைதான், த்ராட்டில் லீவர் பக்கத்துல ஒரு லாக் டேப், அமுக்கி, ஸ்லைடரை லீவரை விட்டுத் தள்ளி பின்னாடி கொண்டு போயி, விட்டுட்டு, முழு மிதி. பின்னாடி 1993-ல எலக்ட்ரானிக் 4எல்60ஈ வந்தப்போ இந்தக் கேபிளே போயிடுச்சு. 700ஆர்4-ல ஒரு தமாஷ் இருக்கு, கேபிள் கழண்டே போனா ஸ்மூத்தா ஆகும்னுதானே நினைப்பீங்க, ஆகாது. கேபிள் அந்துட்டா உள்ள ஒரு குட்டி உருண்டை போய் அடைச்சு பிரஷரை முழுசா ஏத்திடற மாதிரி வடிவமைச்சிருக்காங்க, பிளேட்டு கருகக் கூடாதுன்னு. அதனால லேட்டா மாறி உதைக்கற 700ஆர்4-ல கேபிள் டைட்டான்னு பார்க்கறதுக்கு முன்னாடி, மாட்டியிருக்கான்னு பாருங்க. கார்புரேட்டர் மாத்தின வண்டின்னா லீவர்ல கேபிள் மாட்டற ஆணி எவ்ளோ தூரத்துல இருக்குங்கறதும் கணக்கு. அது தப்பா இருந்தா ஐடில்ல சரியா வெச்சா முழு மிதியில தப்பும், முழு மிதியில சரியா வெச்சா ஐடில்ல தப்பும். அதுக்குன்னு அளவு சரி பண்ற பிராக்கெட் கிட் கிடைக்குது.

அதே கம்பெனியோட பழைய டிஎச்350 கியர்பாக்ஸ்லயும் ஒரு கேபிள் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அது முழுசா மிதிக்கும்போது கியரை இறக்கறதுக்கு மட்டும். மத்த நேரத்துல எஞ்சின் பாரத்தைச் சொல்றது எஞ்சினோட உறிஞ்சலை வெச்சு வேலை செய்யற வேக்குவம் மாடுலேட்டர். அதுக்குப் போற ரப்பர் ஹோஸ் கழண்டாலோ வெடிச்சாலோ இதே லேட்டு, இதே உதை. ஹோஸைக் கழட்டிப் பாருங்க, உள்ள சிவப்பா ஏடிஎஃப் இருந்தா மாடுலேட்டரோட டயஃப்ரம் கிழிஞ்சிடுச்சு, எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையா விட்டுக்கிட்டிருக்கும்.

டொயோட்டாவுக்கே திரும்பி வருவோம். அளவு கரெக்டா வெச்சும் அப்படியேதான் இருக்குன்னா, எஞ்சின் ஆஃப்ல கேபிளை லீவர்ல இருந்து கழட்டி கையால இழுத்து விடுங்க. வழவழன்னு வந்து டக்குனு தானா உள்ள போகணும். பாதியில நின்னுட்டாலோ சொரசொரன்னு வந்தாலோ உறைக்குள்ள துரு, இல்ல எங்கயோ மடங்கியிருக்கு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல பட்டு உருகியும் இருக்கலாம். காலை எடுத்தாலும் அது திரும்பாததால கியர்பாக்ஸ் இன்னும் மிதிச்சுக்கிட்டிருக்கறதாவே நினைக்கும். கழட்டின நிலையில மட்டும் வண்டியை ஓட்டிடாதீங்க. செலக்டர் கேபிள்லயும் கை வெச்சிருந்தா அதையும் பாருங்க, லீவர் டி-ல இருந்தும் உள்ள வால்வ் 2-ல நின்னா மேல் கியருக்குப் போகாது, கேபிள் கேபிள்னு தேடிக்கிட்டிருப்பீங்க. என்-ல வெச்சு கியர்பாக்ஸ் பக்கத்து லீவரும் என் பள்ளத்துல உக்காந்திருக்கான்னு பார்த்தா போதும்.

அதுவும் சரின்னா பிரஷர் கேஜ் வெச்சுப் பார்க்க வேண்டிய நேரம். கியர்பாக்ஸ்ல டெஸ்ட் போர்ட் இருக்கு, அதுல மாட்டி ஆயில் சூட்டுல ஐடில்லயும் ஸ்டால்லயும், அதாவது பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்ச நிலையிலயும், அளக்கணும். ஐடில்லயே மேனுவல் அளவுக்கு மேல இருந்தா கேபிளோ, த்ராட்டில் வால்வோ, ரெகுலேட்டர் வால்வோ மாட்டிக்கிட்டிருக்கு. லைன் பிரஷர் சரியா இருந்து, உதை இல்லாம லேட்டா மட்டும் மாறுதுன்னா சந்தேகம் கவர்னர் பக்கம் போகணும், அதுல அழுக்கு அடைச்சு வேகத்தைக் கம்மியா சொல்லிக்கிட்டிருக்கும். ஸ்டால் டெஸ்ட்டை நாலு வீலுக்கும் கட்டை குடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை முழுசா மிதிச்சுக்கிட்டு, ஒரு தடவைக்கு 5 செகண்டுக்கு மேல போகாம பண்ணணும், அதுக்கு மேல பிடிச்சா ஆயில் கொதிக்கும். முன்னாடி யாரும் நிக்க வேண்டாம். பழக்கம் இல்லாதவங்க இதை மட்டும் ஆட்டோ கியர் வேலை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க, குடுக்கும்போது கேபிளை எங்க வெச்சு எந்த நிலையில அளந்தீங்கன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா அவரும் முதல்ல அதே நட்டுலதான் ஸ்பேனரை வைப்பாரு.